உங்கள் உடம்பின் ஜாதகம் யார் கையில்?

காலை 7 மணி இருக்கும். தா.பழூர் கடைத்தெரு அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. டீக்கடைப் பாய்லரில் ஆவி கிளம்பிற்று. ஜெயங்கொண்டம் போகிறவர்கள் ஒரு பக்கமும், கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போகிறவர்கள் மறு பக்கமுமாகப் பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியவர். வயது 70க்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கே பயணம், ஐயா?” என்று கேட்டேன்.

“கும்பகோணத்துக்குத் தம்பி. நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் காட்டணும்.”

“பையிலே என்ன, மாற்றுத் துணியா?”

பெரியவர் சிரித்தார். “துணி எங்கே தம்பி! இது பூரா என் வியாதி” என்றார்.

உண்மைதான். பைக்குள் அவருடைய வியாதி முழுவதும் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சின்னச் சீட்டு, ஜெயங்கொண்டத்தில் கொடுத்த புற நோயாளி சீட்டு, கும்பகோணத்து டாக்டரின் மருந்துச் சீட்டு, சுருட்டி ரப்பர் வளையம் போட்ட எக்ஸ்ரே படம், நாலாக மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன ரத்தப் பரிசோதனைத் தாள்கள், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள்! அட்டை எதற்கு என்று கேட்டேன். “பேரு வாயிலே நுழையாது தம்பி. அட்டையைக் காட்டினா டாக்டருக்குப் புரிஞ்சிடும்” என்றார்.

கடைசியாக ஒரு நீளத் தாளை எடுத்தார். “ரெண்டு வருஷத்துக்கு முந்தி ராத்திரி நெஞ்சு வலிச்சுதே, அன்னிக்கு எடுத்த படம். இதைத்தான் பத்திரமா வச்சிருக்கேன்.”

தாளை வாங்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கட்டங்கள் தெரிந்தன. இதயத்தின் துடிப்பைக் காட்டும் கோடு எங்கே? அழிந்து போயிருந்தது. வெறும் தாளைத்தான் பெரியவர் இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்!

வாசகர்களே, இதைக் கண்டு சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு தாள் இருக்கக்கூடும். பெரும்பாலான இதயத் துடிப்புப் படங்கள் சூட்டினால் எழுத்து விழும் ஒருவகைக் காகிதத்தில்தான் வருகின்றன. பஸ் டிக்கெட்டும் கடைப் பில்லும் அந்த ஜாதிக் காகிதம்தான். வெயில் பட்டால், பிளாஸ்டிக் உறையில் கிடந்தால், நாள்பட்டால் எழுத்து மங்கி மறைந்துவிடும். புதிதாக நெஞ்சு வலி வரும்போது டாக்டர் முதலில் தேடுவது பழைய படத்தைத்தான். இப்போது தெரியும் மாறுதல் புதிதா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சி வாய் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது?

ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும்

தா.பழூரின் இருப்பிடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரம். அருகே கொள்ளிடம். சளி, காய்ச்சல் என்றால் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம். கொஞ்சம் பெரிதானால் ஜெயங்கொண்டம் அரசு ஆஸ்பத்திரி. இன்னும் பெரிதானால் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மதனத்தூர்-நீலத்தநல்லூர் பாலத்தைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம், கும்பகோணம் டாக்டர்கள். அங்கும் முடியாவிட்டால் தஞ்சாவூர், திருச்சி.

ஆக, ஒரே உடம்பை ஐந்து ஊர்களில் ஐந்து டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொரு டாக்டரும் கதையின் ஒரு அத்தியாயத்தை மட்டும் படிக்கிறார். முழுக் கதையும் அறிந்தவர் ஒருவர்கூட இல்லை. அது மஞ்சள் பைக்குத்தான் தெரியும். பை வீட்டில் மறந்துபோனால்? நள்ளிரவில் மூர்ச்சை போட்டு 108 வண்டியில் தூக்கிக்கொண்டு போகும்போது பையை எடுக்க யாருக்கு நினைவு வரும்?

“என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்று டாக்டர் கேட்பார். “காலையிலே ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன மாத்திரை” என்பார் உடன் வந்த மருமகள். உலகத்தில் வெள்ளை மாத்திரைகள் எத்தனை ஆயிரம்! ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் வெள்ளையாக இருக்கலாம். சாதாரணத் தலைவலி மாத்திரையும் வெள்ளைதான். முன்னதைச் சாப்பிடுகிறவர் என்று அறியாமல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று அறியாமல் ஊசி போட்டால் உயிருக்கே அபாயம். இவை இரண்டு வரிச் செய்திகள். அந்த இரண்டு வரி உரிய நேரத்தில் உரியவர் கண்ணில் படுவதில்தான் ஓர் உயிர் ஊசலாடுகிறது.

சோழன் ஆஸ்பத்திரியில் இல்லாத ஒன்று

தா.பழூருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட வீரராஜேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் கோயிலில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோயிலில் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடந்ததை அது சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், அவரவர்க்குச் சம்பளம், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றன.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இவ்வளவு கணக்கா என்று நாம் வியக்கிறோம். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கல்வெட்டில் நோயாளியின் கணக்கு இல்லை. யாருக்கு என்ன வியாதி வந்தது, எந்த மருந்து குணப்படுத்தியது என்பது வைத்தியரின் மனத்தில் இருந்தது, அவரோடு போயிற்று.

பின்னாளில் வந்த இங்கிலீஷ் வைத்தியத்தில் ரிஜிஸ்தர் வந்தது. ஆனாலும் அது ஆஸ்பத்திரியின் ரிஜிஸ்தர். அங்கேயே ஓர் அறையில் தூசி படிந்து கிடக்கும். நோயாளி கையில் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. பிள்ளை பிறந்த நாழிகையைக் குறித்து, ஜாதகம் கணித்து, மஞ்சள் தடவிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நாம், அந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வைப்பதில்லை. கிரகங்களின் ஜாதகம் பத்திரமாக இருக்கிறது. உடம்பின் ஜாதகம் காற்றில் பறக்கிறது!

14 இலக்கம்

இதற்கு ஒரு பரிகாரம் வந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. முதலில் யூனியன் பிரதேசங்களில் பரீட்சை பார்த்துவிட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விஸ்தரித்தார்கள். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்பது அதன் பெயர். அதன்படி ஒவ்வொருவரும் 14 இலக்கம் கொண்ட ஓர் எண் வாங்கிக்கொள்ளலாம். ‘ஆபா’ எண் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். செலவு கிடையாது, கட்டாயமும் கிடையாது. ஆதார் கொண்டோ, டிரைவிங் லைசென்ஸ் கொண்டோ கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். 70 கோடிக்கு மேற்பட்ட எண்கள் இதற்குள் வழங்கப்பட்டுவிட்டன.

இதனால் என்ன பயன்? முதல் பயன், வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாவது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் சுவரில் கறுப்புக் கட்டங்கள் போட்ட ஒரு சதுர முத்திரை ஒட்டியிருக்கும். அதைக் கைப்பேசியால் படம் பிடித்தால் பெயர், வயது, ஊர் எல்லாம் சீட்டு கொடுக்கிறவரிடம் தானாகப் போய்ச் சேரும். டோக்கன் எண் கிடைத்துவிடும்.

இரண்டாவது பயன்தான் பெரியது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளும் பரிசோதனைக்கூடங்களும் உங்கள் சீட்டுகளை அந்த எண்ணோடு இணைக்கலாம். பிறகு ஜெயங்கொண்டத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையைக் கும்பகோணத்து டாக்டர் தம் மேஜையிலிருந்தபடியே பார்க்கலாம். ஆனால் நீங்கள் சம்மதித்தால்தான். எந்தச் சீட்டைக் காட்டுவது, எத்தனை நாளைக்குக் காட்டுவது என்று கைப்பேசியில் உங்களைக் கேட்கும். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. சீட்டுகள் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் குவிந்து கிடக்கின்றன என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அவை அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். சம்மதம் கிடைத்தால் மட்டும் வழி திறக்கும். பழைய சீட்டுகளைப் படம் பிடித்து நீங்களே அதில் சேர்த்தும் வைக்கலாம்.

பெட்டி உண்டு, உள்ளே என்ன?

நம் பெரியவரிடம் திரும்புவோம். “உங்களுக்கு இந்த எண் இருக்கிறதா, ஐயா?” என்று விசாரித்தேன்.

“மவன் என்னமோ நம்பரு போட்டுக் குடுத்தான் தம்பி. அது அவன் போன்லே இருக்கு.”

“மகன் எங்கே இருக்கிறார்?”

“திருப்பூர்லே.”

பார்த்தீர்களா! நோயாளி தா.பழூரில், அவருடைய வியாதியின் சாவி திருப்பூரில். மகன் பனியன் கம்பெனியில் வேலையாக இருக்கும் நேரத்தில் இங்கே டாக்டர் சம்மதம் கேட்டால், ரகசிய எண் திருப்பூருக்குப் போகும். மகன் பார்த்து, இவருக்குப் போன் பண்ணிச் சொல்லவேண்டும். இவரிடம் இருப்பதோ பித்தான் போன்.

சரி, மகனையே கேட்டுவிடுவோம் என்று பெரியவரிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். அவர் பார்த்துச் சொன்னார்: எண் இருக்கிறது, அதில் ஒரு சீட்டுகூட இணைக்கப்படவில்லை. அழகான பெட்டி, ஆனால் காலிப் பெட்டி.

இந்த விஷயத்தை நம் ஜனங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் வாங்குவது வேறு. அந்த எண்ணோடு சீட்டுகள் சேருவது வேறு. பாங்கியில் கணக்குத் திறந்துவிட்டால் அதில் பணம் தானாக வந்து விழுமா? ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் “என் ஆபா எண்ணோடு இதைச் சேர்க்க முடியுமா?” என்று கேட்கவேண்டும். முடியும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் கையால் எழுதிக் கொடுக்கும் இடமாக இருந்தால் நீங்களே படம் பிடித்துச் சேர்க்க வேண்டியதுதான்.

மூன்று சீட்டு, மூன்று எண்

“பழைய சீட்டு எதற்கு? இன்றைய ரத்தத்தைப் பார்த்தால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஓர் உதாரணம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ‘கிரியாட்டினின்’ என்ற பொருளை ரத்தத்தில் அளக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு முதல் வருஷம் ஓர் ஊரில் 0.8 என்று வருகிறது. நல்லது. அடுத்த வருஷம் வேறோர் ஊரில் 1.0. அதுவும் நல்லதுதான். மூன்றாம் வருஷம் மற்றோர் ஊரில் 1.2. “எல்லைக்குள்தான் இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் மூன்றும் குற்றமில்லாத எண்கள். ஆனால் மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். படி ஏறுவது போல ஏறுகிறதே! சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்கிறதோ என்று அந்த வரிசைதான் சந்தேகத்தைக் கிளப்பும். அப்போதே கவனித்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடித்து, உடம்பு வலிக்கென்று கடையில் தானாக வாங்கி விழுங்கும் மாத்திரைகளை நிறுத்தி, சிறுநீரகத்தைப் பல வருஷம் காப்பாற்றலாம். கவனிக்காமல் விட்டால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு முன்னால் படுக்க நேரும்.

ஆகவே வியாதியின் குணம் அதன் வரிசையில் இருக்கிறது. ஒரு சீட்டு ஒரு நாளைக் காட்டும். சேர்த்துவைத்த சீட்டுகள் போகிற பாதையைக் காட்டும்.

நம் மாநிலத்தில் 2020இல் எடுத்த ஒரு கணக்கு இதன் அவசரத்தைச் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100க்கு 7.3 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்ததாம். சர்க்கரை உள்ளவர்களில் 10.8 பேருக்கு மட்டும். மருந்தில்லாத குறையா இது? மருந்து இருக்கிறது. விடாமல் தொடருவதுதான் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, கணக்கில் பதிந்து, மாத்திரையைக் கையில் கொடுப்பது அதன் முறை. “பெரியப்பா, போன மாசம் மாத்திரை விட்டுப்போச்சு போலிருக்கே?” என்று உள்ளூர்ப் பெண் ஒருத்தி வாசலில் நின்று உரிமையோடு கேட்டால் எந்தப் பெரியவரும் சாக்குச் சொல்ல முடியாது. அவள் கையில் இருக்கும் கணக்குக்கு உயிர் கொடுப்பது அந்த உரிமைக் குரல்தான்.

தாய்மார்கள் முந்திக்கொண்டார்கள்

இதெல்லாம் படித்தவர்களுக்கு ஆகும், பட்டிக்காட்டுக்கு ஆகுமா என்று சந்தேகப்படுகிறீர்களா? கிராமத்துத் தாய்மார்கள் ஏற்கெனவே பாஸ் பண்ணிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பம் தரித்தால் உடனே ‘பிக்மி’ என்னும் கணினிப் பதிவில் பெயர் சேருகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிவார். கர்ப்பிணி தாமே இணையத்தில் பதியவும் வழி இருக்கிறது. 12 இலக்கத்தில் ஓர் எண் கிடைக்கும். ரத்தசோகை, ரத்த அழுத்தம், ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண், புடவையோடு அந்த எண்ணையும் மறக்காமல் எடுத்துப் போகிறாள். இன்ன பெண்ணுக்கு ரத்தம் குறைவு, இன்ன தேதியில் பிரசவம் என்று மாமியார் ஊர்ச் செவிலியர் எழுதியதைத் தாய்வீட்டு ஊர்ச் செவிலியர் பார்த்துக்கொள்கிறார்.

டாக்டரைப் பார்ப்பதும் இப்படியே வீட்டுக்கு அருகில் வந்துவிட்டது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ‘இ-சஞ்சீவனி’ என்ற பெயரில் சர்க்கார் தொடங்கிய சேவையில், கைப்பேசித் திரையிலேயே டாக்டரிடம் பேசலாம். மருந்துச் சீட்டு கைப்பேசிக்கே வரும். துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியரின் உதவியோடு பெரிய டாக்டரிடம் பேசும் முறையும் உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வியாதிக்கும் நெஞ்சு வலிக்கும் இது உதவாது. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் பழைய வியாதிக்குத் தொடர் ஆலோசனை கேட்க, ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியதில்லை.

டாக்டர் எழுதுவதை நோயாளி படிக்கலாமா?

“சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து நோயாளி பயந்துவிடுவார், டாக்டரோடு சண்டை பிடிப்பார்” என்று ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்தது. 2010இல் அங்கே பாஸ்டன், சியாட்டில் நகரங்களிலும் பென்சில்வேனியாவிலும் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். 105 டாக்டர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகளை 13,000க்கும் அதிகமான நோயாளிகளுக்கு இணையத்தில் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் சென்று கேட்டபோது, கருத்துச் சொன்ன நோயாளிகளில் 100க்கு 99 பேர் இது தொடரவேண்டும் என்றார்கள். மருந்தை முன்னிலும் ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று 60 பேருக்கு மேல் சொன்னார்கள். டாக்டர்களில் ஒருவர்கூட நிறுத்திவிடவில்லை. 2021 ஏப்ரலிலிருந்து அந்த நாட்டில் குறிப்பைத் திறந்து காட்டுவது சட்டமாகிவிட்டது.

நம் நாட்டிலும் நோயாளிக்கு உரிமை இல்லாமலில்லை. நோயாளி தம் வைத்தியக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. உள் நோயாளிகளின் குறிப்புகளை 3 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த விதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? “சீட்டைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ” என்று கூசிக்கொண்டு வந்துவிடுகிறோம். பணிவாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உடம்பைப் பற்றிய குறிப்பு.

பூட்டும் சாவியும்

இதில் அபாயமும் இருக்கிறது. மறைக்கக் கூடாது. 2018இல் சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் கணினியில் கள்ளர்கள் புகுந்து சுமார் 15 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள். அந்நாட்டுப் பிரதம மந்திரியின் மருந்து விவரமும் அதில் போயிற்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகளை முடக்கிவிட்டார்கள். சுமார் இரண்டு வாரம் மறுபடியும் பேனாவும் காகிதமுமாக அங்கே வேலை நடந்தது. தனி மனிதர்களின் விவரங்களைக் காக்க 2023இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்தன. சட்டம் வந்தது நல்லதே.

ஆனால் கிராமத்தில் திருடன் கடல் கடந்து வரவேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கடையில் எண் எடுக்கப் போகிறோம். “ரகசிய எண் வந்திருக்கும், சொல்லுங்க” என்றதும் சத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறோம். சித்தப்பா பத்துப் பேருக்கு அனுப்புகிறார். மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு வலிப்பு என்றோ, புதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு என்றோ, ஒரு வாலிபனுக்குக் காசநோய் என்றோ ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மாத்திரையால் குணமாகும் வியாதி, ஊர் வாயால் குணமாகாத புண்ணாகிவிடும்.

இன்னொன்று. பல வீடுகளில் பெண்களின் எண் கணவன் கைப்பேசியோடு சேர்ந்திருக்கிறது. மனைவி டாக்டரிடம் தனியாகச் சொல்ல விரும்பிய விஷயம் முதலில் கணவன் கைக்குப் போய்ச் சேரும். அம்மாளுக்குத் தனிக் கைப்பேசி இருந்தால் அதோடு சேர்த்துவிடுவதே முறை. வீட்டில் ஒரே போன் என்றால், எதைச் சேர்ப்பது, எதைக் காகிதத்தில் தன்னிடமே வைத்துக்கொள்வது என்று அவளே முடிவு செய்யட்டும்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

ஞாயிற்றுக்கிழமைதானே? அரை மணி ஒதுக்குங்கள். வீட்டிலுள்ள சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்குங்கள். இதயப் படம், மங்கும் ஜாதிக் காகிதத்தில் வந்த பரிசோதனை எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். இனி அப்படித் தாள் கிடைக்கும் அன்றைக்கே படம் பிடித்துவிடுங்கள். ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு 40 பக்க நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை, உள்ள வியாதிகள், சாப்பிடும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் எண், ஆபா எண். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் பெரியவர்களின் சட்டைப் பையிலும் ஒரு பிரதி வையுங்கள். மின்சாரம் போனாலும், டவர் கிடைக்காவிட்டாலும் காகிதம் பேசும்.

ஆபா எண் எடுத்தால், நோயாளி இருக்கும் ஊரில் உள்ள கைப்பேசியோடு சேருங்கள். பாட்டிக்குப் போன் இல்லையென்றால், நம்பிக்கையான பேரனோ பேத்தியோ பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். ரகசிய எண்ணைக் கேட்பவர் யாராயிருந்தாலும், போனில் கேட்டால் சொல்லாதீர்கள். சம்மதம் கேட்டு வந்தால், எந்த டாக்டர், எந்தச் சீட்டு, எத்தனை நாள் என்று படித்துப் பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள்.

கும்பகோணம் பஸ் வந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவி, எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள், பெரியவரின் நோட்டு ஒன்றில் மாத்திரைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். “தாத்தா, இதை மொதல்லே டாக்டர்கிட்டே காட்டுங்க” என்றாள்.

பெரியவர் நோட்டைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டார். பஸ் படியில் ஏறினவர் திரும்பிப் பார்த்து, “அப்ப அந்தப் பழைய படம் இனிமே ஒதவாதா தம்பி?” என்று கேட்டார்.

“அது உதவாது, ஐயா. இன்றைக்குப் புதிதாக ஒன்று எடுப்பார்கள். எடுத்த உடனே படம் பிடித்துத் தரச்சொல்லிக் கேளுங்கள்” என்றேன்.

“கேக்கறேன் தம்பி. என் வியாதிதானே, நான்தானே கேக்கணும்!” என்றார் பெரியவர்.

பஸ் பாலத்தை நோக்கிப் புறப்பட்டது.